வார்டுக்குள் நுழையும் முன்: கேள்வி பதில்

மிஷன் மருத்துவமனை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் சாப்ளினாக இருந்தேன். அதில் பாதிக் காலம் பயிற்சிக்கு வந்த இறையியல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வார்டு வார்டாக அலைந்தேன். ஆலயத்துக்கு வர முடியாத நோயாளி, கைதி, படைவீரர் ஆகியோரை இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்க்கும் போதகர்தான் சாப்ளின். கேள்விகள் குவிந்துகிடக்கின்றன. எனக்குப் பழக்கமுள்ளவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

நாசரேத் வாசகர்: ஐயா, பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பை முடித்துக் குருப்பட்டமும் பெற்றவருக்குத் தனியாக எதற்குப் பயிற்சி? வேதம் தெரியும், ஜெபிக்கத் தெரியும். போதாதா?

போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் பயிற்சியைத் தொடங்கியவரின் கதையைக் கேளுங்கள். ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920-இல் மனநிலை குலைந்து மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அங்கே தன்னிடம் வந்து பேசியவர்களுக்குத் தன் நிலை துளியும் பிடிபடவில்லை என்பதைக் கட்டிலில் கிடந்தபடியே கவனித்தார். குணமான பிறகு மாசசூசெட்ஸில் உள்ள ஊஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்து, 1925 கோடையில் இறையியல் மாணவர்களை அங்கே வரவழைத்தார். புத்தகத்தைப் படிப்பதுபோல நோயாளியையும் படிக்க வேண்டும், அவரும் ஓர் ஆவணம்தான் என்பது அவர் கொள்கை. சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்று இன்று நாம் சொல்லும் பயிற்சிக்கு வேர் அதுதான்.

அதில் முதுகெலும்பு ‘வெர்பேட்டிம்’. நோயாளியோடு பேசியதை ஒரு வரி விடாமல் நினைவிலிருந்து எழுதிக்கொண்டு வந்து, மற்ற மாணவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். ஒரு மாணவர் எழுதிவந்ததைப் பாருங்கள்:

நோயாளி: ராத்திரி வந்தால்தான் பயமாக இருக்கிறது, ஐயா.
மாணவர்: பயப்படாதீர்கள் அம்மா, கர்த்தர் உங்களோடு இருக்கிறார்.
நோயாளி: ம்.
மாணவர்: ஜெபிக்கலாமா?
நோயாளி: சரி ஐயா.

இதில் என்ன தப்பு என்று மாணவருக்குப் புரியவில்லை. அந்த ‘ம்’ஐ மூன்று முறை வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் குரல் இறங்கிவிட்டது. அவருடைய அப்பா இறந்ததும் ஒரு ராத்திரியில்தானாம். ‘ராத்திரி’ என்ற சொல் காதில் விழுந்ததும் அதைத் தாண்டி ஓடத்தான் ஜெபத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் திரும்பிப் போய், “ராத்திரியில் என்ன அம்மா?” என்று மட்டும் கேட்டார். இரண்டு நாளைக்கு முன்பு எதிர்க் கட்டிலில் ஒருவர் இறந்துபோனார். விளக்கை அணைத்தால் அந்தக் கட்டில் மட்டும்தான் கண்ணில் படுகிறது என்றார் அந்த அம்மாள். நர்ஸிடம் சொன்னோம். தலைமாட்டைத் திருப்பிப் போட்டார்கள். அன்றிரவு தூங்கினார்.

பி.டி. வகுப்பில் இதை எந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், சொல்லுங்கள்.

அரசரடி மாணவர்: முதல் நாள் வார்டுக்குப் போகிறேன். ஒரே ஒரு ஆலோசனை சொல்லுங்கள் ஐயா.

கட்டிலில் உட்காராதீர்கள் தம்பி. தையல் போட்ட வயிற்றுக்கு மெத்தையின் ஒரு சின்ன அசைவும் வலி. கால்மாட்டிலும் நிற்காதீர்கள், நோயாளி கழுத்தைத் தூக்க வேண்டியிருக்கும். ஸ்டூல் இருந்தால் இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். இல்லையென்றால் தலைமாட்டுப் பக்கமாக நில்லுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: ஆன்லைனில் ஆறு வாரச் சான்றிதழ் தருகிறார்கள். செல்லுமா?

சுவரில் மாட்டச் செல்லும். நோயாளி இல்லாமல் இந்தப் பயிற்சி கிடையாது. அமெரிக்கக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 400 மணி நேரம். அங்கே தொழில்முறைச் சான்று பெற நான்கு யூனிட் வேண்டும். நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) விசாரியுங்கள்.

கோவை செவிலியர்: புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று குடும்பத்தார் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சாப்ளின் என்ன செய்ய வேண்டும்?

நோயின் பெயரைச் சொல்வது டாக்டரின் வேலை, சகோதரி. பொய் சொல்லாமல் இருப்பது நம் வேலை. “சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்” என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். “உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்பேன். ஒரு பெரியவர் என்னை அருகில் கூப்பிட்டு, “எனக்கு எல்லாம் தெரியும் ஐயா. பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்கள்” என்றார். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் அதையே என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் மூத்த மகனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

திருச்சி வாசகர்: கத்தோலிக்க நோயாளிக்கு நாம் எண்ணெய் பூசலாமா?

கூடாது. நோயில்பூசுதல் அவர்களுக்கு அருட்சாதனம், அதாவது திருச்சபையின் புனிதச் சடங்கு. குருவானவர்தான் தர முடியும். பங்குத்தந்தைக்கு உடனே போன் செய்யுங்கள். வார்டுக்குப் போகும் முன்பே அந்த எண் உங்கள் பையில் இருக்க வேண்டும்.

தூத்துக்குடி வாசகர்: வார்டில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். சுவிசேஷம் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? பயிற்சி என்ற பெயரில் வாயைக் கட்டிவிடுகிறீர்கள்.

இந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று காத்திருந்தேன். நான் எழுதும் முன்பே கோவைச் செவிலியர் முந்திக்கொண்டு, “மூக்கில் குழாயோடு கிடப்பவர் எழுந்து போக முடியாது, அண்ணா” என்று பதில் போட்டுவிட்டார். அதற்குத் தூத்துக்குடியார், “அப்படியானால் ஜெபமும் கூடாதா? அவர்களே ஜெபிக்கச் சொல்கிறார்களே” என்கிறார்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அவர்களே கேட்பது உண்மைதான். “எந்தச் சாமியாக இருந்தால் என்ன, எங்களுக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள்” என்று எத்தனையோ பேர் என் கையைப் பிடித்திருக்கிறார்கள். மறுத்ததே இல்லை. “என்னவென்று வேண்டிக்கொள்ளட்டும்?” என்று கேட்டு, அவர்கள் சொன்னதைத்தான் வேண்டிக்கொள்வேன். இயேசுவின் நாமத்தில்தான் ஜெபிப்பேன். எனக்கு வேறு மாதிரி ஜெபிக்கத் தெரியாது, அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அதற்குள் பிரசங்கத்தைச் சொருக மாட்டேன்.

ஒரு பையனுக்கு மறுநாள் அறுவைச் சிகிச்சை. பழனியிலிருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலம் தலையணை மேல் இருந்தது. என் மாணவர் வேதப்புத்தகத்தை வைக்க இடம் பார்த்து, பொட்டலத்தை இரண்டு விரலால் ஓரமாக நகர்த்தினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுவரை பேசிக்கொண்டிருந்த தாய் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சாமி” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

தூத்துக்குடியார் இன்னும் விடவில்லை; “இப்படிப் பயந்தால் மிஷன் மருத்துவமனை எதற்கு?” என்கிறார். சகோதரரே, வேலூர் சி.எம்.சி.யை மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அந்தக் கட்டிலில் படுக்க யாரும் ஒரு நிபந்தனைக்கும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு எத்தனை பேரைச் ‘சந்தித்தோம்’ என்று கணக்கெழுதும் ஊழியர்களை நானும் அறிவேன். வார்டில் அவர்களைக் கண்டதும் நோயாளிகள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: எட்டு வாரச் சான்றிதழாக இருந்தால்?

மேலே பாருங்கள்.

பாளையங்கோட்டை வாசகி: குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு எந்த வசனம் ஏற்றது?

அந்த நேரத்தில் எதுவும் வேண்டாம் அம்மா. குறிப்பாக, “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” வேண்டவே வேண்டாம். வேதத்தில் வரும் யோபு அதைத் தன் சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுத் தானே சொன்னது. அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் சொன்னதில்லை. அவர்கள் ஏழு நாள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்; வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. குழந்தையின் பெயரைக் கேளுங்கள். தாய் சொன்னால் அந்தப் பெயரையே சொல்லிப் பேசுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஸ்டூலில்.

மதுரை வாசகர்: ராணுவத்தில் சாப்ளின் ஆவது எப்படி?

இந்திய ராணுவத்தில் அந்தப் பதவிக்குப் பெயரே பாதிரி. பண்டிதர், மௌலவி, சீக்கியக் கிரந்திகளோடு சேர்த்து மதபோதகராக, ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) தரத்தில் எடுக்கிறார்கள். பட்டப்படிப்பு, குருப்பட்டம், ஆயரின் அங்கீகாரம் மூன்றும் வேண்டும். மற்றதை ஆள்சேர்ப்பு அறிவிப்பில் பாருங்கள். அது என் துறை அல்ல.

மூன்று பேர்: சம்பளம் எவ்வளவு?

மூவருக்கும் ஒரே பதில்: குறைவு.

அரசரடி மாணவர்: மன்னியுங்கள் ஐயா, கடைசியாக ஒன்று. அங்கி போட்டுக்கொண்டு போகலாமா?

நானும் முதல் வாரம் வெள்ளை அங்கியோடு போனேன். குடலிறக்கத்துக்கு வந்திருந்த ஒரு தாத்தா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, “என்ன ஐயரே, எனக்கு அவ்வளவுதானா?” என்றார். சாதாரணச் சட்டை போதும், பெயர் அட்டை குத்திக்கொள்ளுங்கள். சத்தம் போடாத செருப்பாக இருக்கட்டும். கட்டில் விஷயம் நினைவிருக்கிறதல்லவா?