கைக்காசு குறைந்த அணி சந்தைக்குப் போனால்

வாசகர் கேள்வி – பதில்: பேஸ்பால்
(இந்தப் பக்கத்தில் வரும் லட்சம், கோடி எல்லாம் டாலர் கணக்கு.)

மகன் பிட்ஸ்பர்க்குல வேலை பாக்கறானுங்க. அவனோட சேந்து போன்ல பைரேட்ஸ் ஆட்டம் பாத்துப் பழகிட்டேன். நவம்பர் ஆனா போதும், "ஃப்ரீ ஏஜென்சி வந்துருச்சு, நம்ம டீம் மட்டும் ஒண்ணும் வாங்க மாட்டேங்குது"ன்னு புலம்பறான். சந்தைக்கு வந்த சரக்கை எடுக்கறதுல அப்படியென்னங்க சிரமம்?
*மஞ்சள் வியாபாரி ஒருவர், பெருந்துறை*

சந்தைக்கு வருவது புது மஞ்சள் இல்லை என்பதுதான் சிரமம். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடித்த வீரர்தான் எல்லா அணிகளோடும் விலை பேசலாம். அதுதான் ஃப்ரீ ஏஜென்சி. அணிப் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு என்று கணக்கு. முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2026-ல் அது 7.8 லட்சம். அடுத்த மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன், அதாவது சம்பளப் பஞ்சாயத்து. சம்பளம் படிப்படியாக ஏறும், ஆனாலும் வெளிச்சந்தை விலையை எட்டாது. 24 வயதில் உள்ளே வந்தவர் கட்டவிழ்ந்து வெளியே வரும்போது வயது 30. பேட்டர்கள் பொதுவாக நன்றாக ஆடுவது 26 முதல் 29 வரை. நீங்கள் காசு கொடுப்பது முடிந்த வெள்ளாமைக்கு. உங்கள் களத்துக்கு வந்து சேர்வது இனிமேல் விளையப்போவது.

வரத்துக்கும் விலைக்கும் உள்ள உறவு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1975 டிசம்பரில் ஒப்பந்தத் தகராறை விசாரித்த நடுவர் பீட்டர் சைட்ஸ் கொடுத்த தீர்ப்பால்தான் வீரர்களுக்கு இந்த விடுதலை கிடைத்தது. முதலாளிகள் எல்லாரும் கலங்கிப்போன நேரத்தில் ஓக்லாண்ட் உரிமையாளர் சார்லி ஃபின்லி மட்டும், "எல்லா வீரரையும் வருஷா வருஷம் விட்டுவிடுங்கள்" என்றார். வரத்து பெருகினால் விலை விழும் என்ற எண்ணம். வீரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் பயந்ததும் இதற்குத்தான். மற்ற முதலாளிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு ஆண்டு என்று வரத்தைச் சுருக்கி, விலையை அவர்களே ஏற்றிவிட்டுக்கொண்டார்கள்.

சம்பளத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. 2026-ல் 24.4 கோடியைத் தாண்டினால் வரி உண்டு, அவ்வளவுதான். டாட்ஜர்ஸ், மெட்ஸ் போன்ற அணிகள் 30 கோடியைத் தாண்டி நிற்கும் ஏலத்தில் பத்துக் கோடிக்காரர் அதே சரக்குக்குக் கை தூக்கினால், ஒன்று தோற்பார். இல்லை, ஜெயித்துக் கெடுவார்.

ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து பேஸ்பால் மேனேஜர் கேம் ஆடுகிறோம். என் பங்குக்கு 10 கோடி பட்ஜெட். எப்படிப் பிரிப்பது?
*வாசகி, சரவணம்பட்டி*

முதலில் வெற்றிக்கு என்ன விலை என்று பாருங்கள். கீழ்மட்டமான மைனர் லீக்கிலிருந்து குறைந்தபட்சச் சம்பளத்துக்கு யாரைக் கூப்பிட்டாலும் கிடைக்கும் ஆட்டத்தைவிட ஒரு வீரர் கூடுதலாகத் தரும் வெற்றிகளை 'வார்' என்ற எண்ணால் அளக்கிறார்கள். 26 பேரும் அப்படிப்பட்ட சாதாரண ஆட்களாக இருந்தால் 162 ஆட்டத்தில் சுமார் 48 ஜெயிக்கலாம். செலவு இரண்டு கோடிதான். சீசன் முடிந்து நடக்கும் பட்டச் சுற்றான பிளேஆஃப் பக்கம் போக 88 வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 40 வெற்றி தேவை. வெளிச்சந்தையில் ஒரு வெற்றி ஏறத்தாழ 80 லட்சம். நாற்பதையும் அங்கேயே வாங்கினால் 32 கோடி! உங்களிடம் இருப்பது பத்து.

ஆகவே பெரும்பங்கு உங்கள் பண்ணையில், அதாவது உங்கள் அணியின் மைனர் லீக் குழுக்களில் வளர்ந்த பையன்களிடமிருந்து வர வேண்டும். இளைஞர்கள், காயப்பட்டவர்களுக்கு மாற்றாக வந்துபோகிறவர்கள் எல்லாருக்குமாக 2.5 கோடி, ஆர்பிட்ரேஷன்காரர்களுக்கு 3 கோடி, சீசன் நடுவே ஜூலையில் ஓட்டை அடைக்க 50 லட்சம் ஒதுக்குங்கள். சந்தைக்கு மிஞ்சுவது 4 கோடி. பட்டியல் விலைக்கு வாங்கினால் அதில் ஐந்து வெற்றி கிடைக்கும். பையன்கள் 28 கொடுத்தால் மொத்தம் 81, பாதிக்குப் பாதி அணி. 88 ஆக வேண்டுமானால் அதே 4 கோடியில் பன்னிரண்டு வெற்றி எடுக்க வேண்டும். வெற்றிக்கு 33 லட்சம், அதாவது சந்தை விலையில் பாதிக்கும் கீழே.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு 3 கோடிக்கு ஒரு நட்சத்திரம் வாங்கத் துணிச்சல் வராது. நான் என்றால் இப்படிப் பிரிப்பேன். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் நம்பகமான பிட்ச்சர் (பந்து வீசுபவர்) ஒருவர், இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 1.5 கோடி. உங்கள் அணியில் எந்த இடம் படுமோசமோ அந்த இடத்துக்கு ஒருவர், 80 லட்சம். வலக்கைப் பிட்ச்சர்களை மட்டும் நன்றாக அடிக்கும் இடக்கை பேட்டர் 50 லட்சம். இடக்கைக்காரர் வீசும் நாளில் அவரை உட்கார வைத்துவிடலாம். காயத்திலிருந்து தேறி வரும் பிட்ச்சர் 40 லட்சம். கடைசி இன்னிங்ஸ்களுக்கு ரிலீவர் இரண்டு பேர், தலைக்கு 25 லட்சம், ஓராண்டு மட்டும். மிச்சம் 30 லட்சம் போனஸ் விதிகளுக்கு.

ரிலீவருக்கு இரண்டாம் ஆண்டு கொடுக்கவே வேண்டாம். அவர் ஒரு சீசனில் வீசுவது 60, 70 இன்னிங்ஸ். அத்தனை சின்ன மாதிரியை வைத்து அடுத்த ஆண்டைச் சொல்ல முடியாது. போன வருஷத்து ராஜா இந்த மே மாதமே வெளியே நிற்பது வாடிக்கை.

படுமோசமான இடம் என்று சொன்னதைக் கவனியுங்கள். ஷார்ட்ஸ்டாப்பில் மூன்று வெற்றி தருபவரை நாலு தருபவராக மாற்றினால் லாபம் ஒன்று. இடது அவுட்ஃபீல்டில் ஒன்றைக் கெடுப்பவரைத் தூக்கிவிட்டு ஒன்றரை தருபவரைப் போட்டால் லாபம் இரண்டரை, விலையும் குறைவு. கேம் ஆடுபவர்கள் முதல் வகைக்கே ஓடுகிறார்கள். நிஜ மேனேஜர்களும்தான்.

கன்னபுரம் சந்தையில பல்லைப் பாக்காம மாடு புடிக்க மாட்டோமுங்க. சுழியில குத்தம் சொல்லி நல்ல மாட்டைக் குறைச்ச விலைக்குப் புடிக்கறவங்களும் உண்டு. அங்கயும் அப்படி நடக்குமுங்களா?
*வாசகர், காங்கேயம்*

ஏழை அணியின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. எல்லாரும் பார்த்து ஒதுங்கும் குறை ஒன்று இருக்க வேண்டும். அது ஆட்டத்தைப் பாதிக்காத சுழிக்குற்றமா, காலில் உள்ள ஊனமா என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

ஸ்காட் ஹேட்டபர்க் கேட்ச்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர். முழங்கையில் நரம்பு கெட்டு எறிய முடியாமல் போனதும் சந்தை கைவிட்டது. ஆனால் பொறுமையாகப் பந்தைப் பார்த்து பேஸ் ஏறும் திறமை முழங்கையில் இல்லையே. ஓக்லாண்ட் பத்து லட்சத்துக்கும் குறைவாக எடுத்து, அதிகம் எறிய வேண்டாத முதல் பேஸில் நிறுத்தியது. அந்த 2002-ல் சுமார் 4 கோடி சம்பளப் பட்டியலோடு அவர்கள் ஜெயித்தது 103. பன்னிரண்டு கோடிக்கு மேல் கொட்டிய யாங்கீஸ் ஜெயித்ததும் 103. இதில் பலர் மறப்பது ஒன்று உண்டு: ஓக்லாண்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஹட்சன், மல்டர், ஸிட்டோ, தெஹாதா, சாவேஸ் என்று சொந்தப் பண்ணையில் வளர்ந்தவர்கள். சந்தைச் சாமர்த்தியம் மேலே தூவிய கொத்தமல்லிதான்.

இன்னொரு கேட்ச்சர் ரஸ்ஸல் மார்ட்டின் கதை வேறு. 2012-ல் அவர் பேட்டிங் சராசரி வெறும் .211. பைரேட்ஸ் இரண்டு ஆண்டுக்கு 1.7 கோடி கொடுத்தது. ஓரத்தில் வரும் பந்தைக் கையுறை அலுங்காமல் வாங்கி, நடுவரை 'ஸ்ட்ரைக்' (பேட்டருக்கு எதிரான தீர்ப்பு) சொல்ல வைக்கும் கலைக்கு அப்போது பெரும்பாலான அணிகள் விலை போடவில்லை. 2013-ல் பைரேட்ஸ் 94 வெற்றி. 1992-க்குப் பிறகு அவர்கள் பாதிக்கு மேல் ஜெயித்த முதல் சீசன் அது. இன்று அந்தக் கலையின் விலை எல்லாருக்கும் தெரியும். போதாததற்கு 2026 முதல் நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கருவியிடம் முறையிடலாம் என்று ஆகிவிட்டதால் அதன் மதிப்பும் கொஞ்சம் குறையும். பழைய சாமர்த்தியத்தையே பிடித்துத் தொங்கினால் அடுத்த வாட்டி முழு விலை கொடுக்க வேண்டிவரும்.

காயப்பட்ட பிட்ச்சரைப் பிடிக்கும் முறை: முழங்கைத் தசைநார் அறுவை செய்தவர் திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகும். அவருக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் வைத்தியச் செலவு உங்களுக்கு, வீச்சு அடுத்த அணிக்கு. இரண்டு ஆண்டு போடுங்கள். முதல் ஆண்டு சொற்பம், இரண்டாம் ஆண்டு கூடுதல், மேலே இன்னிங்ஸ் எண்ணிக்கைப்படி போனஸ். முழங்கை பெரும்பாலும் தேறும். தோள்பட்டையில் கத்தி பட்டவர் விஷயத்தில் அந்த நம்பிக்கை வேண்டாம். பேசி முடித்த பின்னும் மருத்துவச் சோதனை முடியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஃபிரான்சிஸ்கோ லிரியானோவோடு பைரேட்ஸ் 1.275 கோடிக்குப் பேசி முடித்தபின், கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் கை முறிந்தது. வீசாத வலது கை. ஒப்பந்தத்தைப் பிரித்து, உறுதித் தொகை 10 லட்சம், மிச்சமெல்லாம் ஆடினால் என்று திருப்பி எழுதினார்கள். 2013-ல் அவர் 16 ஆட்டம் ஜெயித்தார்.

பனியன் கம்பெனி வெச்சிருக்கேன். பெரிய பில்லுன்னா தவணை போட்டுக்குவோம். ஏழு வருஷத் தவணையில ஒரு ஸ்டார் பிளேயர எடுத்தா வருஷச் சுமை குறையாதா?
*வாசகர், திருப்பூர்*

மெஷின் தவணையில் மெஷின் ஓடும். இங்கே மெஷின் நின்றாலும் தவணை நிற்காது, ஏனென்றால் மேஜர் லீக் ஒப்பந்தம் முழுக்க உறுதி செய்யப்பட்டது. 2015-ல் 47 ஹோம் ரன் அடித்த கிறிஸ் டேவிஸுக்கு பால்டிமோர் ஏழு ஆண்டுக்கு 16.1 கோடி கொடுத்தது. 2018-ல் அவர் சராசரி .168. 2021-ல் ஓய்வு பெற்றார். ஒத்திப்போட்ட பணம் 2037 வரை போகிறது.

ஒத்திப்போடுவதில் வட்டியையும் பார்க்க வேண்டும். பாபி போனியாவுக்குத் தர வேண்டிய 59 லட்சத்தை மெட்ஸ் 8 சதவீத வட்டியில் தள்ளிவைத்தது. 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் 11.93 லட்சம். மொத்தம் கிட்டத்தட்ட 3 கோடி!

நீண்ட ஒப்பந்தம் போட ஆசையிருந்தால் சொந்தப் பையனோடு போடுங்கள், அதுவும் முன்கூட்டியே. இவான் லாங்கோரியா மேஜர் லீக்குக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத 2008 ஏப்ரலில் டாம்பா பே ஆறு ஆண்டுக்கு 1.75 கோடியில் கட்டிவிட்டது. வெளியாளுக்கு மூன்று ஆண்டே அதிகம். நாலாம் ஆண்டு கேட்டால் அணியின் விருப்பத்துக்கு விட்ட ஆண்டாக எழுதுங்கள். வீரர் விரும்பினால் பாதியில் போகலாம் என்ற விதியைத் தவிருங்கள்: நன்றாக ஆடினால் போய்விடுவார், கெட்டால் உங்களோடு இருப்பார்.

கொப்பரையை விலை ஏறட்டும்னு இருப்பு வெப்போம். இங்கே இறங்கட்டும்னு பிப்ரவரி வரைக்கும் காத்திருக்கலாமா?
*வாசகர், பொள்ளாச்சி*

பேட்டருக்குக் காத்திருக்கலாம். நெல்சன் க்ரூஸ் தன் பழைய அணி நீட்டிய 1.41 கோடி 'குவாலிஃபையிங் ஆஃபரை' (ஓராண்டுக்கான ஒப்பந்தம்) மறுத்தார். அப்படி மறுத்தவரை எடுக்கும் அணி டிராஃப்ட் வாய்ப்பை, அதாவது புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை, இழக்கும் என்பதால் யாரும் நெருங்கவில்லை. 2014 பிப்ரவரியில் பால்டிமோர் 80 லட்சத்துக்கு எடுத்தது. 40 ஹோம் ரன் அடித்தார். (இப்போதைய விதிப்படி, பணக்கார அணிகளின் வருவாயில் பங்கு வாங்கும் சிறிய அணி இழப்பது மூன்றாவது உயர்ந்த வாய்ப்பைத்தான். அந்தப் பயம் அவர்களுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும்.)

பிட்ச்சருக்குக் காத்திருப்பது ஆபத்து. வசந்தப் பயிற்சியில் ஆறு வாரம் கையைப் பதப்படுத்தாமல் வருபவர் தடுமாறுவார். 2024 மார்ச் கடைசியில் அரிசோனா எடுத்த ஜோர்டன் மான்ட்கோமரி 2.5 கோடி வாங்கிக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.23 ரன் கொடுத்தார்.

எல்லாம் சரிங்க, பேசாமல் ஒன்றுமே வாங்காமல் இருந்துவிட்டால்?
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

அதைத்தான் பல முதலாளிகள் செய்கிறார்கள், "சின்ன ஊர்" என்று சாக்குச் சொல்லிக்கொண்டு. பண்ணையில் பயிர் இல்லாத ஆண்டில் அது நியாயம். பயிர் நிற்கும்போது உரச்செலவுக்கு அஞ்சுவது கஞ்சத்தனம். கான்சஸ் சிட்டி 2023-ல் 106 ஆட்டம் தோற்றது. ஆனால் அவர்கள் பண்ணையில் இளம் ஷார்ட்ஸ்டாப் பாபி விட் ஜூனியர் வளர்ந்துவிட்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் பிட்ச்சர் செத் லூகோவுக்கு மூன்று ஆண்டு 4.5 கோடி, மைக்கேல் வாக்காவுக்கு இரண்டு ஆண்டு 3.2 கோடி, இரண்டு பேருமே டிசம்பரில் முடிந்த பேச்சு. விட் ஜூனியரைத் தனியாக நீண்ட ஒப்பந்தத்தில் கட்டினார்கள். 2024-ல் 86 வெற்றி, பிளேஆஃப், லூகோ தன் லீக்கின் சிறந்த பிட்ச்சர் வாக்கெடுப்பில் இரண்டாமிடம்.