பெட்டாயவேசி மரத் தேவாலயம் இடிபடாமல் தப்பியது எப்படி?

பின்லாந்தின் நடுப்பகுதியிலுள்ள பெட்டாயவேசி தேவாலயம் 1763 முதல் 1765 வரை கட்டப்பட்டது. அப்போது பின்லாந்து சுவீடன் அரசின் கீழ் இருந்தது. கட்டியவர் யாக்கோ லெப்பானென் என்னும் கிராமத்துத் தச்சர். 1821இல் அவருடைய பேரன் எர்க்கி அதற்கு மணிக்கூண்டு எழுப்பினார்.

ஏரிக்கரையில் இடம் பார்த்ததில் ஊராரின் சாமர்த்தியம் தெரிகிறது: கோடையில் படகில் வரலாம், குளிர்காலத்தில் உறைந்த நீர்மேல் நடந்தே வரலாம். சிலுவை வடிவத் தரைத்திட்டமும் நடுவிலுள்ள குவிமாடமும் ஐரோப்பிய நகரங்களின் கட்டடக்கலையைப் பார்த்துச் செய்தவை. கட்டுமானமோ பைன் மரக்கட்டைகளை அடுக்கும் நாட்டுப்புற முறை. சுவர்களுக்கு வர்ணம் பூசவில்லை. பிரசங்க மேடையைப் புனித கிறிஸ்தோபரின் மரச்சிற்பம் தோளில் தாங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

1879இல் புதிய தேவாலயம் வந்ததும் பழையது கைவிடப்பட்டது. ஆனால் கல்லறைத் தோட்டமும் மணிக்கூண்டும் புழக்கத்தில் இருந்தன. அதனால்தான் அது பிழைத்தது என்பேன். 1920களில் ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் யோசெப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி அதன் அருமையை எடுத்துச் சொன்ன பிறகு பழுதுபார்ப்பு தொடங்கியது. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே கணப்பு வசதி கிடையாது. வழிபாடு பெரும்பாலும் கோடையில்தான்.