முதல் முறை கப்பல் ஏறுகிறவர்களுக்கு: நம் ஊர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

பதினோரு வருடம் சொகுசுக் கப்பல்களில் அறைப் பராமரிப்பு வேலை பார்த்தேன். இப்போது கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னந்தோப்பு. பொங்கலிலிருந்தே சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கப்பல் பயணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வந்த கேள்விகளை, கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பல்லடம்: அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68 வயதுங்க. தறியை விட்டு எங்கேயும் போனதில்லை. கப்பல் அவர்களுக்குச் சரிப்படுமா? எங்கே போய் ஏறுவது?

வயதானவர்களுக்குத்தான் கப்பல் மிகவும் சரிப்படும் என்பேன். பஸ் டூரில் தினமும் விடிகாலை பெட்டி கட்ட வேண்டும், புது ஓட்டல், புதுப் படிக்கட்டு. கப்பலில் பெட்டியை ஒரு தடவை திறந்தால் போதும். அதே கட்டில், அதே குளியலறை, லிப்ட். முட்டி வலிக்கிறதென்றால் அன்றைக்கு இறங்காமல் மேல்தளத்தில் காற்றாட உட்கார்ந்துகொள்ளலாம். என் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப் போனபோது, நான்கு நாளும் யாருக்கும் சமைக்காமல், யார் வருகைக்கும் காத்திருக்காமல் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வருடத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். முட்டி நன்றாக இருக்கும்போதே கூட்டிப் போங்கள்.

இந்தியாவில் ஏற வேண்டுமானால் கொர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் இருக்கிறது. 1990இல் கட்டிய கப்பல், சுமார் 211 மீட்டர் நீளம். மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு, கொச்சி என்று போகும். சில மாதங்களில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் விட்டிருக்கிறார்கள். உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். ஆனால் முதல் பயணத்துக்கு நான் சொல்வது சிங்கப்பூர்தான். கோவையிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து பினாங்கு பக்கம் போகும் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகப் போகின்றன. ஒரு பக்கம் மலேசியா, ஒரு பக்கம் சுமத்திரா. நடுவில் ஒதுங்கிய கடல் என்பதால் பெரும்பாலும் அலை குறைவு. மூன்று நான்கு இரவு போதும். முதல் தடவையே ஏழு இரவு வேண்டாம்.

பொள்ளாச்சி: வால்பாறை ரோட்டில் பத்தாவது வளைவிலேயே எனக்கு வாந்தி வந்துவிடும். நான் கப்பலை நினைத்துப் பார்க்கலாமா?

கண்டிப்பாக நினைக்கலாம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கார் வெடுக் வெடுக்கென்று திரும்பும். பெரிய கப்பல் அப்படி ஆடாது. நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தகடுகள் இருக்கும், அவை பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகக் குறைத்துவிடும். அமைதியான கடலில் கப்பல் கிளம்பியதே பலருக்குத் தெரியாது.

குமட்டல் ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். உடம்பு அசைவதை உள்காது உணர்கிறது. கண்ணோ அசையாத நான்கு சுவரைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருவதுதான் குமட்டல். ஆகவே தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் அறைக்குள் போய்ப் படுத்து போனைப் பார்க்காதீர்கள். வெளித்தளத்துக்கு வந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். அறை எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். தராசின் நடுமுள் போல அந்த இடம்தான் குறைவாக ஆடும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும்.

மாத்திரையைப் பற்றி ஒன்று. வாந்தி வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இராது. டாக்டரைக் கேட்டு, கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். இந்த மாத்திரைகள் தூக்கம் கொடுக்கும். வயதானவர்கள் இரவில் எழுந்து நடக்கும்போது தடுமாறுவார்கள், புராஸ்டேட் தொந்தரவு இருப்பவர்களுக்குச் சிறுநீர் அடைக்கவும் கூடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று நீங்களும் வாங்கிப் போடாதீர்கள்.

மாதமும் முக்கியம். ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று, அரபிக்கடலிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவதுதான். நம் வீட்டுக் கதவையே அடித்துச் சாத்தும் காற்று, நடுக்கடலில் எப்படி இருக்கும்! ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பக்கம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் வேண்டாம்.

இன்னமும் தயக்கமாக இருந்தால் லட்ச ரூபாய் கட்டும் முன் கொச்சிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கேரள அரசு நிறுவனத்தின் நெஃபர்டிட்டி என்ற சிறிய கப்பல் சில மணி நேரம் கடலுக்குள் போய்த் திரும்பும். ஓடுகிற நாளை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது சின்னக் கப்பல், பெரிய கப்பலைவிட அதிகமாகவே ஆடும். அதில் தாங்கிவிட்டால் பிறகு கவலையே வேண்டாம்.

திருப்பூர்: சென்னையில் மாலை கப்பல் என்றால், முதல் நாள் இரவு சேரன் ரயிலில் ஏறி அன்று காலை இறங்கினால் போதும்தானே?

போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் கப்பல் நகரும் நேரம். ஏறுவதற்கான பதிவை அதற்கு முன்பே, பெரும்பாலும் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு முன், மூடிவிடுவார்கள்.

சித்தப்பா குடும்பத்தோடு கிளம்பியபோது, கப்பல் கிளம்பும் நாள் காலையில் இறங்குகிற விமானத்தில் டிக்கெட் போட்டேன். விமானம் நான்கு மணி நேரம் தாமதம். குடியேற்ற வரிசையில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். பதிவு மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அன்று அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்தபோது, இனி ஒரு நாள் முன்னதாகப் போகாமல் யாரையும் கூட்டிப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஓர் இரவு அறை வாடகையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஈரோடு: பால்கனி அறைக்கும் உள்அறைக்கும் விலை நிறைய வித்தியாசம். எது எடுப்பது?

தூங்கவும் குளிக்கவும் மட்டும் என்றால் ஜன்னல் இல்லாத உள்அறை போதும். பகலிலும் கும்மிருட்டாக இருக்கும், ஒரு சின்ன டார்ச் கொண்டு போங்கள். நடுவயதுக்காரர்களும் பிள்ளைகளும் எப்படியும் அறையில் இருக்கப்போவதில்லை. பெற்றோருக்கு மட்டும் பால்கனி எடுங்கள், அவர்கள்தான் அதில் உட்காருவார்கள். மலிவு என்று ‘கியாரண்டி’ அறை எடுத்தால் இடத்தைக் கப்பல்காரர்களே முடிவு செய்வார்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது வேண்டாம்.

தாராபுரம்: நாங்கள் சுத்த சைவம். சாதம் இல்லாமல் மாமனாருக்கு ஆகாது. சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?

குக்கர், கெட்டில், இண்டக்‌ஷன், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. ஏறும்போதே எடுத்து வைத்துவிட்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கடலில் தண்ணீரைவிட நெருப்புக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். கவலை வேண்டாம், எம்ப்ரஸில் நம் நாட்டுச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து போகும் பெரிய கப்பல்களிலும் இந்திய சைவச் சாப்பாடு உண்டு. பயணத்துக்கு முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவு உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொல்லுங்கள், அடுத்த நாளிலிருந்து பார்த்துச் செய்வார்கள். நம் கொங்குப் பக்கத்து ‘அரிசியும் பருப்பும் சாதம்’ கிடைக்காது; தயிர், சாதம், பருப்பு கிடைக்கும்.

பருப்புப் பொடி, முறுக்கு, கச்சாயம் எடுத்துப் போகலாம். மூடி ஒட்டிய பாக்கெட்டாக இருந்தால் நல்லது. ஆனால் பொடியிலோ மசாலாவிலோ கசகசா சேர்க்காதீர்கள், தனியாகவும் எடுத்துப் போகாதீர்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் அதைப் போதைப்பொருள் கணக்கில் பார்ப்பார்கள். குருமாவுக்கு என்று அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்துக்கு அங்கே பதில் சொல்ல முடியாது. அதே மாதிரி, வெற்றிலை போடும் அப்புச்சியிடம் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்கும் சிங்கப்பூரில் தடை.

இன்னொன்று, பஃபேக்குப் போகும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவும் வாந்திபேதிக்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ்தான் காரணம். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதற்குச் சரியாக வேலை செய்யாது.

கரூர்: போன் வேலை செய்யுமா?

கப்பல் கிளம்பியதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், பில் ஆயிரக்கணக்கில் வரும். சாதாரண ரோமிங் பேக் கடலில் செல்லாது. கப்பல் வைஃபை தனிக் கட்டணம். கரையில் இறங்கும்போது வீட்டுக்குப் பேசிக்கொள்ளலாம்.

சத்தியமங்கலம்: சிங்கப்பூர் விசா ஒரு தடவைக்கு எடுத்தால் போதுமா?

போதாது. கப்பல் ஏறியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசாவா என்று வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் சிங்கப்பூர் வருகை அட்டையை இன்னொரு தடவை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கு 2026 டிசம்பர் வரை இந்தியர்களுக்கு விசா வேண்டாம், அதற்கும் வருகை அட்டை உண்டு. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும்.

நாமக்கல்: விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் என்னென்ன வரும்?

அந்த விலை ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு ஆகும் தொகை. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேருக்குக் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் துறைமுக வரி, தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பணியாளர் டிப்ஸ். மது, பாட்டில் குளிர்பானம், வைஃபை, கரையில் சுற்றிக்காட்டும் டூர் எல்லாம் தனி. கப்பலில் காசு புழங்காது. அறைச் சாவி அட்டையில் எழுதி, கடைசியில் உங்கள் கார்டில் எடுப்பார்கள். பிள்ளைகள் கையில் அட்டை இருந்தால் தினமும் கணக்கைப் பாருங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜில் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் என்ற வரித் தொகையை, வருமான வரிக் கணக்கு போடும்போது கழித்துக்கொள்ளலாம். பில்லில் பான் எண் சரியாக இருக்கட்டும்.

டிப்ஸைப் பற்றி ஒரு வேண்டுகோள். கணக்கிலிருந்து அதை எடுக்கச் சொல்லிச் சிலர் வரிசையில் நிற்பார்கள். உங்கள் கட்டிலை விரிக்கிற பையன் ஏழெட்டு மாதம் வீட்டைப் பார்க்காமல், வார விடுமுறையும் இல்லாமல் வேலை செய்கிறான். நானும் அப்படி இருந்தவன். அதை எடுக்காதீர்கள்.

அவிநாசியிலிருந்து ஓர் அம்மா தயங்கிக் கேட்டது: கழிப்பறையில் தண்ணீர் வசதி இருக்குமா?

தயங்க வேண்டாம் அம்மா, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலான வெளிநாட்டுக் கப்பல்களில் காகிதம்தான். ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் அல்லது அமுக்கினால் பீய்ச்சும் பாட்டில் எடுத்துப் போங்கள். காற்றால் உறிஞ்சும் கழிப்பறை என்பதால் ஈர டிஷ்யூ, நாப்கின் எதையும் உள்ளே போடக்கூடாது. ஒரு அறையில் அடைத்தால் வரிசையாகப் பல அறைகளில் நின்றுவிடும்.

உடுமலை: ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். பாதுகாப்பை நினைத்தால் பயமாக இருக்கிறது.

2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்கள் பலருக்குப் பயிற்சி கொடுத்திருக்கவே இல்லை. அதன் பிறகு, கிளம்பும் முன்போ கிளம்பியதுமோ பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமானது. நம் ஆட்கள் பலர் அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று குடும்பத்தில் எல்லோரும் நடந்து பார்த்து வையுங்கள். பையனின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று அறைப் பணியாளரிடம் கேட்டு வாங்குங்கள். பால்கனி எடுத்தால் நாற்காலியைக் கம்பி ஓரத்தில் போடவே கூடாது. நீச்சல் குளத்தில் காவலர் இருப்பார் என்று நம்பி விடாதீர்கள், ஒருவர் கூடவே நில்லுங்கள்.

காங்கேயம்: மகள் கர்ப்பமாக இருக்கிறாள், ஐந்தாவது மாதம். கூட்டிப் போகலாமா?

பல நிறுவனங்கள் பயணம் முடியும் நாளில் 24 வாரம் ஆகியிருந்தால் ஏற்றுவதில்லை. டாக்டர் கடிதமும் கேட்பார்கள். டாக்டர் சரி என்றாலும், என் மகளாக இருந்தால் குழந்தை பிறந்து ஒரு வயது ஆன பிறகு கூட்டிப் போவேன். கப்பலில் டாக்டர் உண்டு, பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது.

மேட்டுப்பாளையம்: இறங்கும் நாள் எப்படி இருக்கும்?

முந்தின இரவு பெட்டிகளில் அட்டை மாட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அவை காலையில் கரையில்தான் கிடைக்கும். அடுத்த நாள் போட வேண்டிய துணியையும் சேர்த்துப் பெட்டியில் அடைத்துவிட்டு, விடிந்ததும் இரவு உடையோடு என்னிடம் வந்து நின்றவர்கள் பல பேர். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு செட் துணி, செருப்பு இவற்றைக் கைப்பையில் வையுங்கள். ஏறும் நாளும் இதே கதைதான். பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும், அதுவரை சர்க்கரை மாத்திரை உங்கள் கையில் இருக்க வேண்டும்.