கஷ்டமான ஒரு கிட்டார் பாட்டைக் கற்கும்போது ஃபிங்கர்பிக்கிங் (விரல்களால் தந்திகளைத் தனித்தனியாக மீட்டுவது), ஸ்ட்ரம்மிங் (தந்திகளைச் சேர்த்து அடிப்பது) இரண்டையும் எப்படிச் சரிசெய்துகொள்வது?

இரண்டு வருடமாக வாசிக்கிறேன், ஓப்பன் கார்டுகள் (சில தந்திகளை அழுத்தாமல் விட்டுப் பிடிக்கும் எளிய பிடிகள்) எல்லாம் வரும், ஆனால் பீட்டில்ஸின் 'பிளாக்பேர்ட்' எடுத்தால் விரல் சிக்குகிறது, அந்தத் தடுமாற்றம் சாதாரண ஸ்ட்ரம்மிங்கிலும் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பாட்டில் இதே இடத்தில் நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். இப்போது ஆசிரியர் இல்லை. பகலில் கணக்கு பார்க்கும் வேலை, இரவு ஒன்பதரைக்கு மேல் கிட்டார்.

முதலில் போனை எதிரே சாய்த்து வைத்து, இப்போது வாசிக்கிற மாதிரியே ஒரு நிமிடம் வாசித்து ரெக்கார்ட் செய்யுங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். என் ரெக்கார்டிங்கில் விரல் தவறிய இடங்கள் குறைவாகத்தான் இருந்தன. ஆனால் பிடி மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன மௌனம். இடது கை போய்ச் சேரும் வரை வலது கை வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. ஃபிங்கர்பிக்கிங்கில் எனக்கு இருந்த நோய் இதுதான். ஸ்ட்ரம்மிங்கில் இருந்ததும் இதே நோய்தான். உங்கள் கேள்வியைப் படித்தால் உங்களுக்கும் அப்படித்தான் என்று தோன்றுகிறது.

பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ்கின் ஈ மைனர் பூரே (ஒரு பழைய நடன இசை வகை) ஒன்றை, பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் சின்ன வயதில் நண்பர்கள் நடுவே வாசித்துக் காட்டக் கற்றுக்கொண்டார்கள். கீழே பேஸும் (தாழ்ந்த சுரங்கள்) மேலே மெட்டும் சேர்ந்து நகரும் யோசனை அங்கிருந்து வந்ததுதான் என்று இந்தப் பாட்டை எழுதிய மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். இங்கே பேஸ் பெரும்பாலும் 5வது தந்தியில் (தடித்தது 6வது, மெல்லியது 1வது), மெட்டு 2வது தந்தியில், நடுவில் 3வது தந்தி எதையும் அழுத்தாமல் சும்மா ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்பூரா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் 6வது தந்தி 3வது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி), கூடவே 2வது தந்தி ஓப்பன், அதாவது அழுத்தாமல். அடுத்து 5வது ஓப்பன், 2வதில் 1. அடுத்து 5வதில் 2, 2வதில் 3. அங்கிருந்து ஒரே தாவலில் 5வதில் 10, 2வதில் 12. கொஞ்சம் தள்ளி 5வது தந்தியில் 3, 4, 5, 6, 7 என்று படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு ஃபிரெட்டாக ஒரு பகுதி வரும். இதையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது: 5வது, 2வது தந்திகளில் இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு ஃபிரெட் வித்தியாசம் அல்லது இரண்டு ஃபிரெட் வித்தியாசம். பாட்டின் பெரும்பகுதிக்கு இந்த இரண்டு பிடிதான். டேப்பை (எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எண்ணில் எழுதிய தாள்) பார்த்து இருபது கார்டு மனப்பாடம் செய்யப் போய் நான் ஒரு மாதத்தை வீணடித்தேன்.

இப்போது அந்தத் தாவல். 2வது ஃபிரெட்டிலிருந்து 10வதுக்கு அலுங்காமல் போகவேண்டும். எங்கள் அலுவலக ஆண்டு விழாவில் இதே தாவலில் நின்று, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஆரம்பித்து, மறுபடியும் அங்கேயே நின்றேன். மூன்றாவது முறை கேட்க யாரும் தயாராக இல்லை. அதற்குப் பிறகுதான் மெதுவாக்கிக் கேட்டேன். தாவுவதற்கு முந்தைய அரை அடியில் வலது கை அடிப்பது ஓப்பன் 3வது தந்தியை. அதற்கு இடது கை தேவையே இல்லை. அதாவது பயணத்துக்கான நேரத்தைப் பாட்டே ஒதுக்கி வைத்திருக்கிறது. நான்தான் அந்தத் தந்தியையும் அடித்து முடித்துவிட்டுப் பிறகு நிதானமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

பயிற்சி இப்படி: 3வது தந்தியை அடிக்கிற அதே கணத்தில் இடது கை கிளம்ப வேண்டும். கண் 2வது ஃபிரெட்டைப் பார்க்கக் கூடாது, முன்கூட்டியே 12வது ஃபிரெட்டின் இரட்டைப் புள்ளிக்குப் போய்விட வேண்டும். விரலைத் தந்தியை விட்டுத் தூக்காமல், அழுத்தத்தை மட்டும் விட்டுச் சறுக்குங்கள். முழுப் பாட்டும் வேண்டாம், இந்த ஒரு தாவலை மட்டும் தினம் ஐந்து நிமிடம். தப்பான இடத்தில் இறங்கினாலும் வலது கை நிற்கக் கூடாது. அபஸ்வரம் வரட்டும், பரவாயில்லை.

வலது கைக்கு வருகிறேன். நான் முதலில் போன வகுப்பில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிர விரல் என்று கிளாசிக்கல் முறையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தந்தி ஒதுக்கிக் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல முறைதான், விரல்கள் தனித்தனியாக இயங்கப் பழகும். ஆனால் மெக்கார்ட்னி இதை வாசிக்கும் வீடியோவைப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே கட்டைவிரலும் ஆள்காட்டியும்தான். இரண்டும் சேர்ந்து கிள்ளும், பிறகு ஆள்காட்டி தந்திகள் மேல் சுண்டிவிட்ட மாதிரி கீழே போய் மேலே வரும். பாதி பிக்கிங், பாதி குட்டி ஸ்ட்ரம். உங்கள் இரண்டு பிரச்சினையும் ஒரே பாட்டில் வந்து நிற்பது இதனால்தான். அவர் இடது கைக்காரர் என்பதால், வலது கைக்காரர் பார்த்தால் கண்ணாடியில் தெரிவது போல இருக்கும். அது நமக்கு வசதி.

சுண்டுவதில் ஒரு நுணுக்கம். கீழே போகும்போது நகத்தின் முதுகு படும், சத்தம் பளிச்சென்று வரும். மேலே வரும்போது சதை படும், மங்கலாக வரும். அந்த வித்தியாசம் இருக்கட்டும், அழகே அதுதான். ஆனால் விரலை விறைப்பாக வைத்தால் தந்தி 'டங்' என்று கத்தும். ஈரக் கையை உதறுவோமே, அந்த அளவு தளர்வு போதும். கட்டைவிரல் ஆள்காட்டியைவிடக் கொஞ்சம் முன்னால், கிட்டார் கழுத்துப் பக்கம் தள்ளி இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளாது. கிள்ளும்போது தந்தியை மேல்நோக்கிப் பிடுங்காதீர்கள், அது ஃபிரெட்டில் பட்டு அறையும். விரல் உள்ளங்கையை நோக்கி மடங்கினால் போதும்.

எனக்கு விடிவு வந்தது சமையலறையிலிருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலில் முதல் இரண்டு பாரை (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) அறுபதாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் பாட்டு கற்றவர், இந்தப் பாட்டைக் கேட்டதே என் மூலமாகத்தான். "டேய், நீ எல்லாத்தையும் நாலு நாலா போடறே. முதல்ல மூணுன்னா வருது" என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டிக் காட்டினார்: தகிட, தகதிமி.

அவர் சொன்னது சரி. முதல் பார் 3/4, அதாவது மூன்று அடி, அடுத்தது 4/4, பிறகு நடுவில் 2/4கூட எட்டிப் பார்க்கும். நான் மூன்று அடியில் முடிய வேண்டியதை நாலாக இழுத்து, மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கிட்டாரைத் தொடுவதற்கு முன் வாயால் சொல்கிறேன். த-கி-ட, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பிடி. தகதிமி, மேலே 10வது ஃபிரெட்டில். மிருதங்கம் கற்பவர்கள் சொல்லைச் சொல்லிவிட்டுத்தானே வாசிக்கிறார்கள்? வாயில் வராதது கையில் வராது என்று அம்மா இதற்கு ஒரு வியாக்கியானமும் வைத்திருக்கிறார்.

பீட்டில்ஸின் ஒரிஜினல் ரெக்கார்டிங்கில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பலரும் அதை மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெக்கார்ட்னியின் கால் அது. 1968 ஜூன் 11 அன்று லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் பதிவானபோது காலுக்கும் மைக் வைத்திருந்தார்கள். வாசித்தது அவர் ஒருவர் மட்டுமே. எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் தட்டினால் சத்தமே வராது. பரணில் கிடந்த மணையை எடுத்துக் காலடியில் போட்டு, குதிகால் ஊன்றி முன்பாதத்தால் தட்ட ஆரம்பித்தேன். ஆப் மெட்ரோனோமைவிட இது எனக்கு அதிகம் உதவியது. மெட்ரோனோமை மதிக்காமல் ஓடலாம், சொந்தக் காலை மதிக்காமல் ஓடுவது கஷ்டம்.

அதற்காக மெட்ரோனோமை விட்டுவிடாதீர்கள். ஒரிஜினல் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 95 அடி. நான் 50இல் தொடங்கினேன். தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் வந்தால் நாலு கூட்டுவேன், பிசகினால் எட்டு குறைப்பேன். குறைக்கும்போது கொஞ்சம் மானம் போகும்.

ஸ்ட்ரம்மிங்குக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் முதலில் கற்கும் அந்த 'டவுன், டவுன் அப், அப் டவுன் அப்' இருக்கிறதே, அது தடுமாறும் இடம் 3வது அடி. அங்கே சத்தம் கிடையாது, ஆனால் கை கீழே போயே ஆகவேண்டும். தந்தியைத் தொடாமல் காற்றில் போய்விட்டு வர வேண்டும். பலர் அங்கே கையை நிறுத்திவிட்டு அடுத்த அப்பை எங்கிருந்தோ கொண்டு வருகிறார்கள். இடது கையைத் தந்திகள் மேல் லேசாகப் பரப்பி சத்தத்தை அடக்குங்கள், வலது கையை ஊஞ்சல் மாதிரி கீழே மேலே ஆட்டிக்கொண்டே இருங்கள், எந்த ஆட்டத்தில் தந்தியைத் தொடுவது என்பதை மட்டும் மாற்றுங்கள். இரண்டு நிமிடம் இப்படி 'சக் சக்' என்று ஓடிய பிறகு கார்டு பிடியுங்கள். பிக் (தந்தியை அடிக்கும் சின்ன வில்லை) மெல்லியதாக, 0.6 மி.மீ. பக்கம் இருக்கட்டும். வேகம் ஏற ஏற அதை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். முன்கை கல்லாக ஆவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திக் கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இன்னொன்று. 10, 12வது ஃபிரெட்டில் தந்தி பலகையிலிருந்து ரொம்ப உயரமாக இருந்தால் தப்பு உங்கள் மேல் இல்லை. என் கிட்டாரில் 12வது ஃபிரெட்டுக்கும் 6வது தந்திக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி. கடையில் கொடுத்து சேடிலை (தந்திகளைத் தாங்கும் சின்னப் பட்டை) தேய்த்து இறக்கியபின் அந்தத் தாவல் பாதி சுலபமாகிவிட்டது. ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது. கூடவே தந்தியையும் மாற்றிவிடுங்கள். சென்னை வியர்வையில் துருப்பிடித்த தந்தியில் விரல் சறுக்காது, உரசும்.

எத்தனை நாளாகும் என்றும் கேட்டிருந்தீர்கள். தினம் இருபது நிமிடம் உட்கார்ந்த எனக்கு 80 வேகத்தில் நிற்காமல் முழுப்பாட்டும் வர நாலு மாதம் ஆனது. 95 இன்னும் சில நாள் வரும், சில நாள் வராது. பாடிக்கொண்டே வாசிக்க முயன்றால் முதல் வார்த்தையிலேயே கட்டைவிரல் குரலோடு போய்விடுகிறது. இப்போதைக்கு வாய் மூடி, கால் மட்டும் மணையில்.