‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ கச்சேரிப் படத்தை இயக்கிய பெர்னார்ட் ஷேக்கி யார்?

வேறு யாருமில்லை, மேடையில் பாடும் ராக் பாடகர் நீல் யங்தான். படம் இயக்கும்போது அவர் வைத்துக்கொள்ளும் பெயர் அது. அவருடைய பட நிறுவனத்தின் பெயரும் ஷேக்கி பிக்சர்ஸ்தான்.

1978 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ அருகே கவ் பேலஸ் அரங்கில், கிரேசி ஹார்ஸ் இசைக்குழுவோடு அவர் நடத்திய கச்சேரி இது. 1979-இல் படமாக வந்தது. தயாரிப்பு எல்.ஏ. ஜான்சன். படத்தின் பெயர்ப் பட்டியலில் எலியட் ராபினோவிட்ஸ் என்றொரு பெயரும் வரும். அவர் யங்கின் நெடுநாள் மேலாளராக இருந்த எலியட் ராபர்ட்ஸ், இயற்பெயரில். அதே சுற்றுப்பயணப் பாடல்களை ‘லைவ் ரஸ்ட்’ என்று இரட்டை இசைத்தட்டாக ரிப்ரைஸ் நிறுவனம் வெளியிட்டது.

மேடையில் ராட்சத ஒலிபெருக்கிப் பெட்டிகள், அவற்றின் நடுவே சிறுவனைப்போல யங். பாடியவரே இயக்கியதால்தான் அந்தக் காட்சி இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.