ஹவுஸ் ஆறாம் சீசன் டிவிடி: "ரீஜன் எரர்" வருவது ஏன்

ஹவுஸ் என்ற அமெரிக்க மருத்துவத் தொடரின் முந்தைய சீசன்கள் ஓடுகின்றன, மகன் வாங்கிய ஆறாம் சீசன் மட்டும் "ரீஜன் எரர்" காட்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். தட்டில் கோளாறு இல்லை, திருப்பி அனுப்பிவிடாதீர்கள். டிவிடிக்கு உலகத்தை மண்டலங்களாக (ரீஜன்) பிரித்திருக்கிறார்கள்; தட்டின் மண்டலமும் பிளேயரின் மண்டலமும் ஒன்றாக இருந்தால்தான் ஓடும். மகன் அமெரிக்காவில் வாங்கியது மண்டலம் 1. நம் ஊர் பிளேயர் மண்டலம் 5. முந்தைய சீசன்களை மதுரையில் வாங்கியதால்தான் அவை ஓடுகின்றன. (நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு மலேசியாவிலிருந்து வரும் தட்டுகளுக்கும் இதே கதைதான். அது மண்டலம் 3.)

பெட்டியின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் ஓர் எண் இருக்கும். அது 1 என்றால் சந்தேகமே வேண்டாம்.

டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருள் மூலம் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஓடிவிடும். காரைக்குடியில் என் பெரியம்மாவுக்கு அப்படித்தான், எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துக் கொடுத்தேன். முதல் எபிசோடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளம். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பாய் விரித்து, எழுந்திருக்காமல் பார்த்து முடித்தார்.

ஒன்று மட்டும் கவனம். டிரைவின் மண்டலத்தை மாற்றவா என்று விண்டோஸ் கேட்டால் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பொதுவாக 5 முறைதான் மாற்ற முடியும். அப்புறம் கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பூட்டிக்கொள்ளும். மதுரையில் வாங்கிய உங்கள் பழைய தட்டுகள் அதில் ஓடாமல் போகலாம்.