மூன்று பேருக்கு அட்வான்ஸ், மூன்று மாதமாக வேலை இல்லை

கேள்வி: திருச்சி பக்கத்தில் 1,100 சதுர அடியில் வீடு கட்டுகிறேன். காண்ட்ராக்டர் முழு வேலைக்கும் சதுர அடிக்கு 2,300 ரூபாய் கேட்டார். எலக்ட்ரிக்கல், பிளம்பிங், டைல்ஸ், பெயின்டிங்கை நாமே ஆள் வைத்துச் செய்தால் ஒரு லட்சம் மிச்சம் என்று மைத்துனர் சொன்னதால் பிரித்தேன். காண்ட்ராக்டரும் 280 ரூபாய் குறைத்தார். மைத்துனர் கூட்டிவந்த மூன்று பேருக்கு அட்வான்ஸ் கொடுக்கவும் சாமான்களுக்காகவும் 3 லட்சம் பர்சனல் லோன் (15%, 3 வருடம்) எடுத்தேன். ரூஃப் போட்டு மூன்று மாதமாக வேலை நிற்கிறது. ஹோம் லோனில் 12 லட்சம்தான் வந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் இன்னும் 40,000 கேட்கிறார். மாடுலர் கிச்சனை இப்போதே புக் செய்யச் சொல்கிறார் மைத்துனர். இன்னொரு லோன் எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். அந்த 40,000-ஐயும் கொடுக்காதீர்கள்.

வேலையைப் பிரிப்பதில் தப்பில்லை. கேட்டபோதெல்லாம் கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுக்கிறீர்களே, அதுதான் உங்களை இழுத்துப் போட்டிருக்கிறது. வங்கி ஒரு கட்டம் முடிந்த பிறகுதான் பணம் விடும். உங்கள் ஆட்கள் தொடங்கும் முன்பே கேட்கிறார்கள். நடுவில் உள்ள பள்ளத்தை 15 சதவீத வட்டியில் நிரப்புகிறீர்கள். அட்வான்ஸ் கைக்கு வந்ததும் எலக்ட்ரீஷியன் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார். அவர் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து வயர் பைப் பதிக்காமல் பூச்சு வேலை நடக்காது. பூச்சு முடியாமல் அடுத்த தவணை வராது. காண்ட்ராக்டரும் எத்தனை நாள் கொத்தனார்களைச் சும்மா உட்காரவைப்பார்?

கணக்கைப் பாருங்கள். சதுர அடிக்கு 280 வீதம் 1,100 சதுர அடிக்குக் காண்ட்ராக்டர் குறைத்த தொகை 3.08 லட்சம். அதில் மிச்சமாவதாகச் சொன்னது ஒரு லட்சம். பர்சனல் லோனுக்கு மாதம் ஏறக்குறைய 10,400 கட்டுகிறீர்கள். முடியும்போது வட்டி மட்டும் 74,000 போயிருக்கும். வந்த 12 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி 8,500. வாடகை எவ்வளவு என்று எழுதவில்லை. 9,000 என்று வைப்போம். மூன்று மாதத்துக்கு இரண்டும் சேர்ந்து 52,500. பர்சனல் லோன் வட்டியையும் கூட்டினால் ஆக 1,26,500. ஒரு டைல்ஸ் கூட ஒட்டாத நிலையிலேயே அந்த ஒரு லட்சம் கரைந்துவிட்டது.

கான்கிரீட்டுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் மறைகிற எதையும் காண்ட்ராக்டர் கையிலிருந்து பிரிக்கக் கூடாது. பாத்ரூமில் இது இன்னும் முக்கியம். பிளம்பர் ஒருவர், வாட்டர்ப்ரூஃபிங் ஒருவர், டைல்ஸ் ஒருவர் என்று விட்டால், நாளைக்குக் கீழே ஈரம் கசியும்போது மூவரும் அடுத்தவரைத்தான் கைகாட்டுவார்கள். டைல்ஸ் ஒட்டும் முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்து, கசிவு இல்லை என்று பொறுப்பேற்க ஒரே ஆள் வேண்டும். பெயின்டிங், மரவேலை, ஹால் டைல்ஸ், கேட், கிரில் இவற்றைத் தாராளமாக நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாரமே காண்ட்ராக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பூச்சு வரையிலான வயரிங் பைப் வேலையையும் பாத்ரூம் முழுவதையும் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். குறைத்த 280-ல் 120, 130 வரை அவர் திரும்பக் கேட்டாலும் சம்மதியுங்கள். பூச்சு முடிந்தால் வங்கிப் பணம் நகரும். உங்கள் ஆட்களுக்குச் சாரம், தண்ணீர், கரண்ட் யார் செலவு என்பதையும் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் கடைசியில் 'எக்ஸ்ட்ரா' என்று பில் வரும்.

எலக்ட்ரீஷியன் இதுவரை செய்த வேலையை பாயிண்ட் கணக்கில் (லைட், ஃபேன், பிளக் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட்) எண்ணி அட்வான்ஸில் கழியுங்கள். மீதியைத் திருப்பித் தரட்டும், அல்லது காண்ட்ராக்டர் சொல்லும் தேதியில் வந்து முடிக்கட்டும். இனி யாருக்கும் முடித்த வேலைக்குத்தான் பணம், அதிலும் பத்து சதவீதம் கடைசிவரை உங்கள் கையில் நிற்கட்டும். வயர், பைப்பை நீங்களே கடையில் பில்லோடு வாங்குங்கள்.

மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அவர் கூட்டிவந்த ஆளை நீங்கள் கண்டிப்பாகக் கேட்க முடியவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. "பணம் இனி வங்கி விடும்போதுதான்" என்று அவரிடம் மனைவியையும் வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

மாடுலர் கிச்சனை 'ஜீரோ காஸ்ட் இஎம்ஐ'யில் தருவதாகச் சொல்வார்கள். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும், பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் சேரும். மாதக் கடமை இன்னொன்று கூடும். இப்போதைக்குக் கிரானைட் மேடையும் கடப்பா கல் ஷெல்ஃபும் போதும். மாடுலர் கிச்சனை பர்சனல் லோனைக் கட்டி முடித்த பிறகு யோசிக்கலாம்.